மார்புக்குக் கீழே முழங்கால்

சீசன் வந்துவிட்டால் தென்காசியில் சொந்த வீடு இருப்பவனுக்கு அது பாதி வீடுதான். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று செய்தியில் ஒரு வரி ஓடினால் போதும், கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் நம் மேல் திடீரென்று பாசம் பொங்கிவிடும். வந்தால் நாலு நாள். வீடு முழுக்க ஈரத்துண்டு, எண்ணெய் வாசனை, வாசலில் சேற்றுச் செருப்பு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, சொன்னால் அப்புறம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக முடியாது. ஆனால் நான் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். மாடியில் இருக்கிற ஒற்றை அறைதான் என் ஆபீஸ். சீசனில் அதுதான் துணி காயப்போடுகிற அறையும். வெளியே சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தால் அவர்களும் வேறு எங்கே காயப்போடுவார்கள்?

போன சீசனுக்கு என் சகலை, அதாவது என் மனைவியின் அக்காள் கணவர், குடும்பத்தோடு வந்திருந்தார். போலீஸில் இருக்கிறார். யாரைப் பார்த்தாலும் விசாரணை தொடங்கிவிடும். வந்த முதல் நாளே தலையைத் துவட்டிக்கொண்டு மாடிக்கு ஏறி வந்தார்.

"என்ன சகல, லீவா?"

"இல்ல, வேலைலதான் இருக்கேன்."

"வீட்ல உக்காந்துக்கிட்டே சம்பளம் வாங்குதீய. குடுத்து வச்ச ஆளுதான். என்ன வேலைன்னுதான் எனக்கு வெளங்க மாட்டுக்கு."

துண்டை என் நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை, எனக்கும் சொல்லத் தெம்பில்லை.

இங்கே சொல்லிவிடுகிறேன். எல்லாக் கம்ப்யூட்டரிலும் அடியில் கெர்னல் என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். யாருக்கு எவ்வளவு மெமரி தருவது, நெட்வொர்க்கில் எதை எப்போது அனுப்புவது எல்லாம் அதன் பொறுப்பு. மேலே ஓடுகிற ஒரு புரோகிராம் ஒரு படத்தை வெளியூருக்கு அனுப்ப நினைத்தால் அதைக் கெர்னலிடம் கொடுக்கும். கெர்னல் அந்தப் படத்தைத் தன் மெமரியில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, சின்னச் சின்ன பாக்கெட்டுகளாக்கி, நெட்வொர்க் கார்டின் வழியாக வெளியே தள்ளும். நகல் எடுத்தாகிவிட்டதால் புரோகிராம் தன் இடத்தை உடனே அழித்து அடுத்த படத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம். ஆபத்தில்லாத பழைய முறை. ஆனால் நாள் முழுக்கப் படம் அனுப்புவதே வேலையாக இருக்கிற சர்வரில், நகல் எடுத்தே பிராசசர் ஓய்ந்துபோகும். அந்த நகலை எடுக்காமல் வேலையை முடிப்பதுதான் என் வேலை. கார்டு நேராகப் புரோகிராமின் மெமரிக்குள்ளேயே வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று வழிவிடுவது. இருபது வருடமாகக் கெர்னலோடுதான் மல்லுக்கட்டுகிறேன். கடைசி ஒன்றரை வருடம் இந்த ஒரு காரியத்தை மட்டும்தான் பார்த்தேன்.

என் மனைவி இலத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இந்த வேலையைத் தொடங்கிய நாட்களில் ஒருமுறை அவளிடம் இதை விளக்கினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப, நான் போர்டுல எழுதிப்போட்டு பிள்ளைகள காப்பி பண்ணச் சொல்லாம, என் நோட்டையே தூக்கிக் குடுத்திருதேன். அப்படித்தான?"

"அதேதான்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நோட்டு திரும்பி வார வரைக்கும் நான் அதுல ஒண்ணும் அழிச்சு எழுத முடியாதுல்லா?"

ஒரு நிமிடத்தில் கஷ்டமான இடத்தைத் தொட்டுவிட்டாள். நகல் எடுக்காமல் இருப்பது பெரிய வித்தை இல்லை. நோட்டு எப்போது திரும்பி வந்தது என்று சரியாகத் தெரிந்துகொள்வதுதான் வித்தை. கார்டு ஒரு பதில் சொல்லும்: அனுப்பிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எதிர்முனையில் இருக்கிற கம்ப்யூட்டர் ஒரு பதில் சொல்லும்: பெற்றுக்கொண்டேன். வழியில் பாக்கெட் தொலைந்துபோனால் இரண்டாவது பதில் வராது. அப்போது கெர்னல் அதே இடத்திலிருந்து மறுபடி எடுத்து அனுப்ப வேண்டும். அதனால் இரண்டாவது பதில் வரும்வரை அந்த மெமரியை யாரும் தொடக் கூடாது. இந்தத் தொழிலில் இருக்கிற யாரை எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். நானும் சொல்வேன்.

தெரிந்தே ஏன் தவறு செய்தேன் என்று சொல்ல, கொஞ்சம் குடும்பக் கதை சொல்லியாக வேண்டும். கல்யாணம் ஆனபோது எனக்கு பெங்களூரில் வேலை, அவளுக்கு இங்கே அரசாங்கப் பள்ளியில் வேலை. இரண்டில் எதையும் விட மனமில்லை. பதினோரு வருடம் நான் அங்கே மூன்று பேரோடு ஒரு வீட்டைப் பங்கு போட்டுக்கொண்டு கிடந்தேன், அவள் இங்கே மகளை வைத்துக்கொண்டு தனியாகக் கிடந்தாள். மாதத்துக்கு இரண்டு முறை வருவேன். வந்த களைப்புத் தீர்வதற்குள் கிளம்ப நேரமாகிவிடும். மகளுக்கு அம்மை போட்டபோது நான் இல்லை. மழையில் அடுக்களைச் சுவர் சரிந்தபோதும் நான் இல்லை, கொத்தனாரைப் பிடித்து நின்று கட்டியது அவள்தான். பிறகு கொரோனா வந்தது, எல்லோரையும் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னார்கள். ஊரே நடுங்கிக்கொண்டிருந்தபோது எனக்கு மட்டும் உள்ளூர ஒரு நிம்மதி. வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்த நிம்மதி ஐந்து வருடம் நீண்டது. பிறகு எல்லோரும் ஆபீஸுக்குத் திரும்புங்கள் என்று ஒவ்வொரு குழுவாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு மட்டும் விலக்கு வேண்டுமென்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. "இந்த வேலையை நீங்கள் முடித்துக் காட்டினால் உங்களுக்காகப் பேச எனக்கு ஒரு காரணம் இருக்கும்," என்றார். பங்குனியில் காட்ட வேண்டும். சரி என்று தலையாட்டினேன்.

பங்குனியில் வேலை முடிந்திருந்தது, ஆனால் நன்றாக இல்லை. நாங்கள் அனுப்புவது மருத்துவமனைகளின் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள். ஓர் ஊரில் எடுத்த படத்தை இன்னோர் ஊரில் இருக்கிற டாக்டர் பார்த்துச் சொல்வார். சிறிய ஊர்களின் லைனில் பெற்றுக்கொண்டேன் என்ற பதில் ஆடி அசைந்துதான் வரும். அதுவரை மெமரியைப் பிடித்துவைத்தால் அது தேங்கி நின்றது. நகல் எடுக்காததால் மிச்சமான நேரம் எல்லாம் காத்திருப்பதில் போயிற்று. கொண்டுபோய்க் காட்டினால், இதற்கா ஒன்றரை வருடம் என்று கேட்பார்கள். அதனால் ஓர் இடத்தில் கைவைத்தேன். இரண்டாவது பதிலுக்குக் காத்திருக்காமல், கார்டு அனுப்பிவிட்டேன் என்று சொன்னதுமே மெமரியை விடுவித்துவிடுகிற மாதிரி மாற்றினேன். பிறகு சரிசெய்ய வேண்டும் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதிவைத்தேன். எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட குறிப்புகளுக்கு ஆயுசு கெட்டி.

சோதித்துப் பார்த்தேன். ஆபீஸ் லேபில் இரண்டு கம்ப்யூட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் கை நீளத்துக்கு ஒரு கேபிள். அதில் பாக்கெட் தொலைய வழியே இல்லை. தொலையாவிட்டால் மறுபடி அனுப்ப வேண்டியதில்லை, மறுபடி அனுப்பாவிட்டால் என் தவறு வெளியே வராது. வேண்டுமென்றே பாக்கெட்டுகளைத் தொலைக்கச் சொல்லிச் சோதிப்பதற்கு ஒரு கட்டளை உண்டு. ஒரே ஒரு வரி. வாழ்க்கையில் எத்தனையோ முறை அதை அடித்திருக்கிறேன். அந்த வாரம் அடிக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். மறக்கவில்லை.

வேகக் கணக்குகள் பிரமாதமாக வந்தன. மீட்டிங்கில் கைதட்டினார்கள். சித்திரையில் எல்லா சர்வர்களிலும் அதை ஏற்றினார்கள். விலக்குக் கடிதம் தயாராகிறது, கையெழுத்துதான் பாக்கி என்று மேனேஜர் சொன்னார். அன்று சாயங்காலம் மனைவியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கோயில் வாசல் வரை போனேன். கோபுரத்தடியில் அடிக்கிற காற்றில் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

வைகாசி முடியும்போது முதல் புகார் வந்தது. ஒரு டாக்டர் ஒரு மார்பு எக்ஸ்ரேயைத் திறந்திருக்கிறார். விலா எலும்புகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அதற்குக் கீழே, வயிறு இருக்க வேண்டிய இடத்தில், ஒரு முழங்கால். மூடிவிட்டு மறுபடி திறந்தால் சரியாக இருக்கிறது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு புகார்கள். எப்போது வரும், யாருக்கு வரும் என்று ஒன்றும் பிடிபடவில்லை.

எல்லோருடைய சந்தேகமும் கார்டை இயக்கும் டிரைவர் என்கிற புரோகிராம் மேல் விழுந்தது. அதை எழுதியவர் ஹைதராபாத்தில் இருப்பவர். என் வயதுதான், மீட்டிங் திரையில் மட்டும் பார்த்த முகம். அதே மாதத்தில் அவரும் டிரைவரில் ஏதோ மாற்றியிருந்ததால் பழி தானாக அங்கே போயிற்று. எனக்கும் அவர்தான் காரணமாக இருக்கும் என்று தோன்றியது. தோன்ற வைத்துக்கொண்டேன் என்று சொல்வதுதான் சரி. என் குறிப்பை நான் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

சகலை குடும்பம் வந்தது இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான். ஏழு பேர், ஏழு பேருக்கும் கையில் போன். காலையில் ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து, சாப்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு மூலையில் படுத்துக்கொண்டு வீடியோ பார்ப்பார்கள். எல்லாம் என் வைஃபையில்தான், எனக்கு இன்டர்நெட் லைன் போதாமல் இழுத்தது. கேபிள்காரரைக் கூப்பிட்டேன். கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"லைன் சாகல அண்ணாச்சி. பெட்டிக்குள்ள தண்ணி எறங்கிட்டு. விட்டு விட்டுத்தான் வரும்."

"எப்ப சரியாகும்?"

"மழை விடணும்லா."

"மழை எப்ப விடும்?"

"சீசன்ல போய் மழை எப்ப விடும்னு கேக்கீய. நல்ல ஆளு."

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஊரில் மழையைக் குறை சொல்கிறவன் நான் ஒருவன்தான்.

மறுநாள் திங்கட்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். மனைவியும் மகளும் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். ஹைதராபாத்காரருக்கு உதவுகிறேன் என்று, ஆபீஸ் சர்வரில் இருந்த சோதனைப் படங்களை ஒவ்வொன்றாக வீட்டிலிருந்து திறந்துகொண்டிருந்தேன். கீழே ஏழு போனும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு படம் பாதியில் நின்றது. கொஞ்சம் யோசித்தது. பிறகு மீதியும் வந்து சேர்ந்தது. மார்பு. அதற்குக் கீழே முழங்கால்.

எத்தனையோ பேர் வாரக்கணக்கில் தேடியது என் வீட்டு மாடியில், ஈரத் துணிகளுக்கு நடுவில் வந்து நின்றது. பெங்களூர் ஆபீஸின் லைனில் ஒரு பாக்கெட் தொலைவதே அபூர்வம். மழை நனைத்த பெட்டியும் ஏழு பேரின் வீடியோவும் சேர்ந்து என் லைனில் பாக்கெட்டுகளைக் கொத்துக் கொத்தாகத் தொலைத்துக்கொண்டிருந்தன. தொலைந்ததைக் கெர்னல் மறுபடி எடுத்து அனுப்பப் போயிருக்கிறது. அதற்குள் அந்த இடத்தில் வேறு யாருடைய படமோ வந்து உட்கார்ந்திருக்கிறது. பாக்கெட்டில் இருப்பது வழியில் கெட்டுப்போகவில்லை என்று காட்ட ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. அதைக் கார்டு கடைசி நொடியில்தான் போடும். தவறான படத்துக்குச் சரியான எண்ணைப் போட்டு அனுப்பியிருக்கிறது. எதிர்முனையும் எண்ணைப் பார்த்துத் திருப்தியாகி, பெற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டது.

பெங்களூர் லேபில் இருந்த கம்ப்யூட்டருக்குள் இங்கிருந்தே நுழைந்து, பங்குனியில் அடிக்காத அந்த ஒரு வரியை அடித்தேன். உடனே தாடைக்குக் கீழே இடுப்பு, கைக்கு மேலே முதுகெலும்பு என்று வரிசையாக வர ஆரம்பித்தன. வேறு யாருடைய தவறாகவோ இருந்திருந்தால் சிரித்திருப்பேன்.

இதில் முழங்கால்தான் எங்களைக் காப்பாற்றியது. மார்புக்குக் கீழே முழங்கால் வந்தால் எந்த டாக்டரும் கண்டுபிடித்துவிடுவார். ஒருவருடைய மார்புக்குள் இன்னொருவருடைய மார்பு வந்திருந்தால்? மேலே இருப்பது ஒருவரின் நுரையீரல், கீழே இருப்பது இன்னொருவரின் நுரையீரல். யாருக்குத் தெரியும்? சித்திரையிலிருந்து எத்தனை படங்கள் அப்படிப் போயிருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சகலை துண்டை எடுக்க மாடிக்கு வந்தார்.

"என்ன சகல, முகம் ஒரு மாதிரியா இருக்கு? ஏதும் தப்புத்தண்டா பண்ணிட்டீயளா?"

"ஆமா."

வாய்விட்டுச் சிரித்தார். "உங்களப் போயி எவன் புடிப்பான்," என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது உண்மைதான், யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். வேறு ஏதோ சில்லறை மாற்றத்தோடு சேர்த்து அதைச் சரிசெய்து அனுப்பியிருக்கலாம். புகார்கள் நின்றிருக்கும். ஹைதராபாத்காரரின் டிரைவரில் ஏதோ சரியாகிவிட்டது போல என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். என் விலக்குக் கடிதத்திலும் கையெழுத்து விழுந்திருக்கும். இரண்டு நாள் இதையே யோசித்தேன். திங்களும் செவ்வாயும் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மனைவி என்னவென்று கேட்டாள். லைன் சரியில்லை என்றேன். அது பொய்யும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் ஹைதராபாத்காரர் பேசினார். டிரைவர் முழுவதையும் மூன்றாவது முறையாக வரி வரியாகப் படித்துவிட்டதாகச் சொன்னார். குரல் கம்மியிருந்தது. மேனேஜர் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அந்த மௌனம் எப்படிப்பட்டது என்று சம்பளத்துக்கு வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். "நான் முதலிலிருந்து இன்னொரு தடவை பார்க்கிறேன்," என்று அவர் சொன்னார். என் மைக் மூடியிருந்தது. திறக்கவில்லை. அன்றைக்கு என் மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

நான் சத்தமில்லாமல் சரிசெய்தால் இனிமேல் போகிற படங்கள் ஒழுங்காகப் போகும். ஏற்கெனவே போன படங்களை யார் பார்ப்பது? எந்த நாளிலிருந்து, எந்த மாற்றத்தால், எந்தப் படங்கள் என்று நான் வாயைத் திறந்து சொன்னால்தான் தேடவே முடியும். புதன்கிழமை காலை மனைவி பஸ் ஏறிய பிறகு மெயில் எழுதினேன். தவறு இன்னது, செய்தவன் நான், தெரிந்தே சோதிக்காமல் விட்டேன், காரணம் அவசரம். பாதிப் பக்கம்கூட வரவில்லை. அனுப்பிவிட்டு, கீழே போய் ஒரு சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தேன்.

ஒரு மணி நேரத்தில் முடிவு வந்துவிட்டது. நகல் எடுக்காமல் அனுப்புகிற வசதியை எல்லா இடத்திலும் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்த, செட்டிங்கில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். மாற்றினார்கள். கெர்னல் பழையபடி நகல் எடுக்க ஆரம்பித்தது. ஒன்றரை வருட வேலை போயிற்று, ஒரு மருத்துவமனைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அனுப்பிய படங்களை மூலப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு உட்கார்ந்தது. சில படங்கள் மாறித்தான் போயிருந்தன. அவற்றைப் பார்த்த டாக்டர்களுக்குத் தனித்தனியாக எழுதினார்கள். யாருக்கும் கெடுதல் நடக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். நம்புகிறேன். நம்பாமல் தூங்க முடியாது.

வியாழக்கிழமை மத்தியானம் மேனேஜர் போனில் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். சொன்னதற்கு நன்றி என்றார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நான் பெங்களூரில் இருக்க வேண்டும் என்றார். தண்டனை என்ற சொல் எங்கள் இருவர் வாயிலும் வரவில்லை. போனை வைத்த பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தேன். கொடியில் யாருடையதோ ஒரு பனியன் காய்ந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் எல்லோரும் பழைய குற்றாலத்துக்குக் கிளம்பினார்கள். சகலை வீட்டார் மறுநாள் ஊருக்குப் போவதால் கடைசிக் குளியல். அவர்கள் அருவிக்குப் போனதும் நானும் மனைவியும் துணிப்பைகளுக்குக் காவலாக மேலே நின்றோம். சாரலில் சுற்றிலும் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. அங்கே வைத்துச் சொல்லிவிட்டேன். முழங்காலிலிருந்து முதல் தேதி வரை எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீங்க சொல்லலன்னா யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"அந்த ஹைதராபாத் ஆளு மாட்டியிருப்பாரு."

"ஆமா."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சாரல்தான் என்று நினைத்தேன்.

"மெயில் எப்ப அனுப்புனீய?"

"நேத்து காலைல. நீ பஸ் ஏறுன பொறவு."

"நான் போற வரைக்கும் காத்திருந்தீயளாக்கும்."

சரிந்து கிடந்த ஒரு துணிப்பையை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

"பதினோரு வருசம் தனியா கெடந்தவ நான். இப்பம் மறுபடி தனியா கெடக்கப் போறவளும் நாந்தான். என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயா உங்களுக்கு? கேட்டா வேண்டாம்னு சொல்லிருவேன்னு பயந்தீயளா?"

"ஆமா," என்றேன். வேறு என்ன சொல்வது?

"அனுப்புங்கன்னுதான் சொல்லிருப்பேன். ஏதோ ஒரு பிள்ளைக்கு வேற ஒருத்தன் எக்ஸ்ரேய வச்சு மருந்து எழுதிருவாங்கன்னு தெரிஞ்ச பொறவு நான் எப்படி வேண்டாம்னு சொல்லுவேன்? நீங்களும் நானும் சேந்து செஞ்சதா இருந்திருக்கும். அதக்கூட நீங்க எனக்குத் தரல."

அருவியிலிருந்து அவள் அக்காள் கூப்பிட்டுக் கையாட்டினாள். இவளும் சிரித்தபடி கையாட்டினாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அன்றிரவு சாப்பாடு போட்டாள், முதல் தேதிக்குள் சட்டைகளை இஸ்திரி போட்டு அடுக்கி வைத்தாள். எதிலும் ஒரு குறை வைக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

இப்போது பெங்களூரில் இருக்கிறேன். அதே வேலையை மறுபடி கொடுத்திருக்கிறார்கள், இந்த முறை இரண்டாவது பதிலுக்குக் காத்திருந்து செய்ய. மெதுவாகத்தான் நகர்கிறது. அவசரப்படுத்த யாருமில்லை, எனக்கும் அவசரமில்லை. ஹைதராபாத்காரர் ஒருநாள் நன்றி என்று மட்டும் ஒரு செய்தி அனுப்பினார். நான் அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.

தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போன் பேசுகிறேன். மகள் பரீட்சையைப் பற்றிச் சொல்வாள். பிறகு மனைவி வாங்குவாள். ஊரில் மழை என்றால் லைன் விட்டு விட்டுத்தான் வரும். போன வாரம் அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. நடுவில் அறுந்து, மறுபடி வந்தது.

"என்ன சொன்ன? கேக்கல."

"ஒண்ணுமில்ல. கேஸ் புக் பண்ணணும்னு சொன்னேன்."

சரி, பண்ணிவிடுகிறேன் என்றேன். முதலில் அவள் சொன்னது அது இல்லை.